புதுமண்டபத்துத் தையல் மிஷினும் இன்றைய மதுரையும்

கேள்வியைச் சுருக்கமாக முதலில் வைத்துவிடுகிறேன்: "ஊர் மதுரை. கோபுரம், தெப்பக்குளம், அழகர் ஆற்றில் இறங்குவது, அலங்காநல்லூர் எல்லாம் எடுத்தாச்சு. இனி மக்கள் இன்றைக்கு வாழ்கிற அன்றாட வாழ்க்கையை ஆவணமாக எடுக்க ஆசை. எதைப் பார்ப்பது, எப்படி எடுப்பது, ஆட்களிடம் எப்படிக் கேட்பது?"

புதுமண்டபத்திலிருந்தே தொடங்கலாம். மதுரையின் மிகப் பழைய போட்டோக்களில் முக்கியமானவை லின்னேயஸ் ட்ரைப் எடுத்தவை. மெட்ராஸ் மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்த அவர் 1858இல் மீனாட்சியம்மன் கோயிலையும் அதன் எதிரே உள்ள புதுமண்டபத்தையும் படமெடுத்தார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் எடுத்தவை அவை. வெளிச்சம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும் என்பதால் நடமாடுகிறவர்கள் அதில் விழமாட்டார்கள். தூணும் சிற்பமும் துல்லியமாக இருக்கும், ஊர் காலியாக இருக்கும். அவருக்கு வேறு வழி கிடையாது. இன்றைய கேமரா ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் படம் பிடித்துவிடுகிறது. இருந்தும் தூணுக்கு முன்னால் நிற்கிறவர் நகரட்டும் என்று நாம் காத்திருந்து எடுக்கிறோம்.

அந்த மண்டபத்துக்குள் பல பத்தாண்டுகள் தையல் மிஷின்கள் ஓடின. வளையல் கடை, பாத்திரக் கடை, புத்தகக் கடை, சித்திரைத் திருவிழாவுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்குத் துணி தைக்கும் கடை எல்லாம் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தூண்கள் அங்கேயேதான் நிற்கின்றன. அவற்றை இன்னும் பத்து வருஷம் கழித்தும் எடுக்கலாம். ஆனால் தையல்காரர் இஞ்ச் டேப்பை எதில் மாட்டியிருந்தார், நூல்கண்டை எங்கே வைத்திருந்தார், உச்சி வெயில் நேரத்திலும் எந்த விளக்கில் தைத்தார் என்பதை இனிப் போய் எடுக்க முடியாது. அந்த மண்டபத்தில் எடுத்த படங்களில் கணிசமானவற்றில் தையல்காரர் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுக் கிடப்பார், அல்லது இருக்கவே மாட்டார்.

அதனால் எதை எடுப்பது என்று தயங்கும்போதெல்லாம், கண் முன்னால் இருப்பவற்றில் எது முதலில் காணாமல் போகும் என்று பாருங்கள். அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

ஒரு டீக்கடைக் கல்லாவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கியூஆர் அட்டை. அதன் பக்கத்தில் பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் சின்ன ஸ்பீக்கர் பெட்டி. ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியிலும் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்துப் பாதி உதிர்ந்திருக்கும். குங்குமம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் சில்லறை டப்பா, முன்பு நிறைந்து கிடந்தது, இப்போது அடியில் நாலு காசு. இந்த ஒன்றரை அடி இடத்தில் இந்தக் காலம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. படம் 'சுத்தமாக' இருக்க வேண்டும் என்று கியூஆர் அட்டையை ஒதுக்கிவிட்டுப் பாய்லரையும் ஆவியையும் மட்டும் எடுத்தால், அது எந்த வருஷத்து டீக்கடை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒயர், பிளெக்ஸ், பிளாஸ்டிக் குடம், ஹெல்மெட், செல்போன் எல்லாம் பிரேமுக்குள் வரட்டும்.

இடம் தேடி அலைய வேண்டாம். மூன்று இடம் போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வருஷத்தில் குறைந்தது இருபது முறை போக வேண்டும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை எடுத்துக்கொண்டால் முகூர்த்த நாளில் ஒரு மார்க்கெட், மறுநாள் வேறு மார்க்கெட். மார்கழி, தை பனியில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறும்போது மூட்டைகள் சிறுத்து, பேரம் பேசுகிற முகங்கள் இறுகும். வரத்து அள்ளிக்கொண்டு வரும் மாதங்களில் அதே வியாபாரி அலுத்துப்போய் உட்கார்ந்திருப்பார். ஒரு முறை மட்டும் போய் வந்தவரின் படத்தில் பூ இருக்கும். இருபது முறை போனவரின் படத்தில்தான் அந்தத் தொழில் இருக்கும்.

என்ன எடுப்பது என்பதைப் போகுமுன் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் பெரிய உதவி. அமெரிக்காவில் 1935 தொடங்கி அரசு வேலையாகவே நாட்டு வாழ்க்கையைப் படமெடுத்த ஒரு குழு இருந்தது. அதை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கர் தன் போட்டோகிராபர்களுக்குப் பட்டியல் அனுப்புவார். அதில் காட்சிகளைவிடக் கேள்விகள்தான் முக்கியம். மக்கள் எங்கே கூடுகிறார்கள்? ஆண்களுக்கு இருக்கிற அளவு கூடுமிடம் பெண்களுக்கும் இருக்கிறதா? இந்தக் கேள்வியை அப்படியே மதுரைக்குக் கொண்டுவாருங்கள். ஆண்களுக்கு டீக்கடை, சலூன், ஆட்டோ ஸ்டாண்டு, கட்சி மன்றம் என்று தெருவுக்கு நாலு இருக்கின்றன. பெண்கள் எங்கே நின்று பேசுகிறார்கள்? ரேஷன் கடை வரிசை, தண்ணீர் லாரி நிற்கும் முனை, மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் யாரோ ஒருவர் வீட்டு வாசல், தெப்பக்குளத்தைச் சுற்றிச் சாயங்கால நடை, அப்புறம் டவுன் பஸ். 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் யார் எவ்வளவு தூரம் வேலைக்குப் போகிறார்கள் என்பதே மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தை ஒரு வருஷம் தொடர்ந்து எடுத்தாலே அது தனி ஆவணம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆவணப் படம் என்றதும் நம் கேமரா இறங்கிப் போய் ஏழை வீட்டு வாசலில்தான் நிற்கிறது. சுருங்கிய கை, வெடித்த பாதம், பல்லில்லாத சிரிப்பு. அவை உண்மைதான். ஆனால் ஊரின் பாதி உண்மை அதற்கு வெளியே இருக்கிறது. பிரிட்டன் போட்டோகிராபர் மார்ட்டின் பார் 1980களில் நியூ பிரைட்டன் கடற்கரையில் சாதாரணக் குடும்பங்கள் விடுமுறையைக் கழிப்பதைப் பளிச்சென்ற கலரில், பகலிலேயே பிளாஷ் போட்டு எடுத்தார். மக்களைக் கேலி செய்கிறார் என்று அவர் மேல் விமர்சனமும் வந்தது. அந்த விமர்சனத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாங்குவதும் தின்பதும் ஓய்வெடுப்பதும் ஒரு சமூகத்தின் முகம்தான் என்ற அவர் பார்வை நமக்கும் வேண்டும். மதுரையில் அதற்கு மாலில் எஸ்கலேட்டர் முன் தயங்கி நிற்கும் குடும்பம் இருக்கிறது, காதுகுத்து நடக்கும் மண்டபத்து டைனிங் ஹால் இருக்கிறது, ஐடி கம்பெனி வேன் வரும் வரை முனையில் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2023இல் திறந்த கலைஞர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், ஓட்டல் வாசலில் பெரிய பையோடு ஆர்டருக்குக் காத்திருக்கும் இளைஞர்கள், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேசும் பெற்றோர், எல்லோரும் இந்த ஊர்தான். நூலகம், மால், மண்டபம் ஆகியவற்றுக்குள் எடுக்க நிர்வாகத்தின் அல்லது வீட்டாரின் அனுமதி தேவை. எழுதிக் கேட்டால் தருகிறவர்களும் உண்டு.

ஆட்களிடம் பேசுவது பற்றி. முதல் நாள் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் முறை கேமரா தோளில் தெரியட்டும். மூன்றாம் முறை கேளுங்கள்: "அண்ணே, நீங்க வேலை பாக்குறத ரெண்டு படம் எடுத்துக்கிறட்டுமா?" பெரும்பாலும் வருகிற பதில் கேள்வியாக இருக்கும். "எதுக்கு தம்பி? எதுல வரும்?" பிளாட்பாரக் கடைக்காரர் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: "கார்ப்பரேசன்ல இருந்து வந்திருக்கீகளா? கடைய எடுக்கச் சொல்லுவாகளா?" இந்தப் பயம் நியாயமானது. அவர் பிழைப்பே அந்த நாலடி இடம். அதனால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: என்ன பெயர், எங்கே குடியிருக்கிறோம், படத்தை எங்கே வைக்கப் போகிறோம், எங்கே வைக்கமாட்டோம். இணையத்தில் போடும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லுங்கள். "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். கெஞ்சவும் கூடாது, தள்ளி நின்று ஜூமில் திருடவும் கூடாது. அந்தத் தெருவில் ஒருவரிடம் திருடினால் பத்துக் கடைக்கும் செய்தி போய்விடும்.

அனுமதி கேட்டதும் ஆள் சட்டையைச் சரிசெய்து விறைத்து நிற்பார். அந்தப் படத்தையும் எடுங்கள். அவர் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறார் என்பதற்கு அது சாட்சி. எடுத்து, திரையில் காட்டி, பிறகு பேசாமல் அங்கேயே பத்து நிமிஷம் நில்லுங்கள். ஒரு வாடிக்கையாளர் வந்ததும் உங்களை மறந்துவிடுவார். வேலை நடக்கும் படம் அப்போதுதான் கிடைக்கும்.

இனி கருவி. முழு பிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 28 அல்லது 35 எம்எம் லென்ஸ், ஏபிஎஸ்-சி (அதைவிடச் சிறிய சென்சார்) என்றால் 18 அல்லது 23. கிட்ட நின்றால்தான் ஆளும் அவர் இடமும் சேர்ந்து வரும். முழு பிரேமில் 35 எம்எம், லென்ஸ் துவாரம் எப் 8, போகஸ் இரண்டரை மீட்டரில் நிறுத்தி வைத்தால் ஏறக்குறைய 1.7 மீட்டரிலிருந்து 4.9 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். தெருவில் நடக்கிற எதற்கும் இது போதும். ஷட்டர் வேகம் நொடியில் 250இல் ஒன்றுக்குக் குறையாமல், ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கேமரா உணரும் அளவு) ஆட்டோவில் 6400 வரை விட்டுவிடுங்கள். பரோட்டா மாஸ்டர் மாவு வீசுவது உறைந்து நிற்க 500இல் ஒன்று வேண்டும். வீச்சு தெரிய வேண்டுமானால் 30இல் ஒன்று போதும், மூச்சை அடக்கி ஐந்தாறு பிரேம் எடுத்தால் ஒன்று தேறும்.

வெளிச்சம் இங்கே தனிப் பாடம். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மதியம் 12.15ஐ ஒட்டிச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கண் குழி இரண்டும் கறுத்து, மூக்கு நிழல் உதட்டில் விழும். அந்த நேரத்தில் திறந்த வெளியில் முகங்களை எடுக்காதீர்கள். கடை ஓரம், தாழ்வாரம், மண்டபத்து விளிம்பு ஆகியவற்றில் தரையில் பட்டு எழும்பி வரும் வெளிச்சம் முகத்துக்கு மென்மையாக விழும். விசேஷ வீட்டில் வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 100, எப் 11, 200இல் ஒன்று வைத்து, பிளாஷை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் குறைத்துப் போடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிக்கும்). தெருவில் முன்பின் தெரியாதவர் முகத்தில் பிளாஷ் அடிக்கக் கூடாது. அது கையோங்குவதற்குச் சமம்.

நான்மாடக்கூடலின் தெரு அமைப்பு போட்டோகிராபருக்கு வரப்பிரசாதம். வடக்கு மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. காலை ஏழு மணிக்கு அங்கே கிழக்கு பார்த்து நின்றால் எதிர் வெயிலில் இட்லி ஆவியும் வாசல் தெளித்த ஈரமும் ஒளிரும். மேற்கு பார்த்துத் திரும்பினால் அதே தெரு முழுதும் நேர் வெளிச்சம். கிழக்கு, மேற்கு மாசி வீதிகள் வடக்கு தெற்காக ஓடுவதால் காலையில் ஒரு வரிசைக் கடைகள் வெயிலிலும் எதிர் வரிசை நிழலிலும் இருக்கும். வெயில் பக்கத்து அளவுக்குக் கேமராவை வைத்துக்கொண்டு நிழல் பக்கம் திரும்பினால் முகம் கரியாகிவிடும். தெருவைக் கடக்கும்போதே அளவை மாற்றுங்கள்.

அடிக்கடி கெட்டுப்போகும் சில விஷயங்கள் உண்டு. சுண்ணாம்புச் சுவர், வெள்ளை வேட்டி பின்னால் இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தைக் கறுக்க வைக்கும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறவர் முகம் நீலமாகத்தான் வரும். முகத்தைத் திருத்தினால் வெளித்தெரு மஞ்சளாகிவிடும். நீங்கள் நகர்ந்து, அவர் பக்கவாட்டு வெளிச்சத்துக்குத் திரும்பும் தருணத்துக்குக் காத்திருப்பதே தீர்வு. இரவுக் கடையில் எல்இடி விளக்குக்கு அடியில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு, மெக்கானிக்கல் ஷட்டரில் 100இல் ஒன்று அல்லது 50இல் ஒன்று வையுங்கள். மலிவான எல்இடி போர்டுகள் வேறு வேகத்தில் துடிக்கும் என்பதால் எடுத்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். பரோட்டாக் கல் பக்கம் அரை மணி நேரம் நின்றால் லென்ஸில் எண்ணெய்ப் படலம் உட்காரும், விளக்குகள் எல்லாம் பூத்துத் தெரியும். முதலில் புளோயரால் தூசியை ஊதிவிட்டுப் பிறகு துடையுங்கள். சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். ஏசி மாலிலிருந்து வெளியே வந்தவுடன் கேமராவை எடுத்தால் லென்ஸ் வேர்த்துவிடும். மூடிய பையிலேயே இருபது நிமிஷம் இருக்கட்டும்.

போனில் எடுப்பதும் தாராளமாக ஆவணம்தான். மெயின் கேமராவையே பயன்படுத்துங்கள். அல்ட்ரா வைடில் ஓரத்தில் இருக்கும் முகம் இழுபடும். நைட் மோடு பல படங்களை ஒட்டி ஒன்றாக்குவதால் நடமாடுகிறவர்களுக்கு இரண்டு கை, பாதித் தலை என்று வரும். ஆள் இருக்கும் இடத்தில் அதை அணையுங்கள். பியூட்டி மோடைக் கட்டாயம் அணையுங்கள். அது முதலில் அழிப்பது நம் தோலின் நிறத்தை. வெயிலில் வேலை பார்த்த ஒருவரின் கறுப்பை வெளுக்க வைத்துக் காட்டுவது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. கம்ப்யூட்டரில் திருத்தும்போதும் இதே கவனம் வேண்டும்.

திருத்துவதன் எல்லை: வெளிச்சம், கான்ட்ராஸ்ட், நிறச் சமன், ஓரம் வெட்டுவது சரி. ஒயரை அழிப்பது, ஆளை நீக்குவது, செயற்கை நுண்ணறிவால் வானத்தை நிரப்புவது கூடாது. எடுக்கும்போதும் பொருளை நகர்த்தாதீர்கள். 1936இல் ஸ்ட்ரைக்கர் குழுவின் போட்டோகிராபர் ஆர்தர் ராத்ஸ்டைன் வறட்சியைக் காட்ட ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி தள்ளி வைத்து வேறு வேறு இடத்தில் எடுத்தார். வறட்சி உண்மை, மண்டையோடும் உண்மை. ஆனால் நகர்த்தியது தெரிந்ததும் பத்திரிகைகள் முழு வேலையையும் மோசடி என்று எழுதின. கல்லாவில் இருக்கும் பழைய செய்தித்தாளைக்கூட நீங்கள் திருப்பி வைக்கக் கூடாது.

சட்டப்படி பொது இடத்தில் படமெடுக்கப் பொதுவான தடை கிடையாது. ஆனால் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 தீ விபத்துக்குப் பிறகு செல்போன் கொண்டுபோகவே தடை. வழக்கில் சிக்கிய சிறார், பராமரிப்பு தேவைப்படும் சிறார், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். மற்றக் குழந்தைகளை எடுக்கவும் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரி வார்டு, துஷ்டி வீடு, குளிக்கும் துறை ஆகிய இடங்களில் சட்டம் அனுமதித்தாலும் கேமராவை இறக்கிவிடுங்கள்.

குறிப்பு எழுதாத படம் பாதி ஆவணம்தான். அன்றிரவே எழுதுங்கள், மறுநாள் பெயர் மறந்துவிடும். வடிவம் இப்படி இருக்கலாம்: "மதுரை, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், 2025 ஆகஸ்ட் 23, சனி, காலை 5.50. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த மல்லியை மொத்த வியாபாரி எடை போடுகிறார். ஒரு கையில் போனில் விலை சொல்கிறார்." அதோடு அன்றைய கிலோ விலை, எடை போடும் கூலி, மூட்டை வந்த வண்டி எது என்பதையும் சேருங்கள். ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்கு அந்த விலை முகத்துக்குச் சமமான செய்தி. "உழைப்பின் அழகு" மாதிரித் தலைப்பு எதையும் சொல்லாது. குறிப்பைப் படக் கோப்புக்குள்ளேயே பதியுங்கள், தனி நோட்டு தொலைந்துபோகும். வீட்டுக்குள் எடுத்த படங்களை வெளியிடுமுன் கோப்பில் உள்ள இடக்குறிப்பை நீக்குங்கள். பிரதிகள் மூன்று: கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று.

தேர்ந்தெடுப்பதை அன்றைக்கே செய்யாதீர்கள். மூன்று வாரம் ஆறப்போட்டால் எடுத்தபோது பட்ட கஷ்டம் மறந்து, படம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். சின்னப் பிரிண்டுகளாக எடுத்துத் தரையில் பரப்பி அடுக்கிப் பாருங்கள். தனியாகப் பளிச்சிடும் படம் தொடரில் ஒட்டாமல் நின்றால் அதை எடுத்து வையுங்கள். மங்கலாகத் தெரிந்த ஒன்று இரண்டு படங்களுக்கு நடுவே தேவைப்படும். தள்ளிய படங்களை அழிக்காதீர்கள். இன்று பின்னணியில் வேண்டாத போர்டாகத் தெரிவதைத்தான் நாளை ஒருவர் தேடி வருவார்.

படம் எடுக்கப்பட்டவருக்கு 4க்கு 6 அளவில் ஒரு பிரிண்ட் கட்டாயம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போன் மாறும்போது போய்விடும். பின்பக்கம் தேதியைப் பேனாவால் எழுதி, அடுத்த முறை போகும்போதே கையில் கொண்டுபோங்கள். நல்ல படம், விறைத்து நின்ற படம் இரண்டையும் கொடுத்தால் பெரும்பாலும் விறைத்து நின்றதைத்தான் கடையில் மாட்டுவார்கள். அது எந்த இடத்தில் தொங்குகிறது, பக்கத்தில் எந்தச் சாமி படம் இருக்கிறது என்று அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.